அக்கா வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜ்

பகலெல்லாம் முழங்கால்வலிக்காரர்களை மடக்கி நீட்டிவிடும் பிசியோதெரபிஸ்ட் அவள். ஓய்வு நேரத்தில் செல்போனில் ஆடுகிற ஒரு கதை விளையாட்டை எழுதியிருந்தாள். படம் கிடையாது, எழுத்து மட்டும். பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருத்தி அடுத்து என்ன செய்வாள் என்பதைப் படிப்பவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வீட்டில் 'அக்கா வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜ்' ஒன்று உண்டு. எத்தனை முறை இழுத்தாலும் திறக்காது, உர்ரென்று உறுமும்.

அக்காதான் முதலில் ஆடிப் பார்த்தாள். "அடியே, விடாம இழுத்துப் பார்த்தேன்டி! சரியான திமிர் பிடிச்ச ஃப்ரிட்ஜ்!" என்று போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சில வாரம் கழித்து ஒரு விமர்சகர் இணையத்தில் நீளமாக எழுதினார். அந்த ஃப்ரிட்ஜ் வெறும் ஃப்ரிட்ஜ் இல்லையாம். அன்பை உறையவைத்துப் பூட்டிக்கொண்ட மூத்த சகோதரியின் குறியீடாம்.

அதோடு அக்கா போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். இவள் நேரிலேயே போய் நின்றாள். கதவைத் திறந்த அக்காவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"நான் உறைஞ்சு போனவளாடி?"

"ஐயோ அக்கா, அது வெறும் ஃப்ரிட்ஜ்க்கா."

"அப்ப ஏன் திறக்கல?"

"உள்ள என்னென்ன இருக்குன்னு எழுதச் சோம்பல். அவ்வளவுதான்."

"அவ்வளவு படிச்சவரு சும்மாவா எழுதுவாரு?"

"எழுதினவ நான்க்கா! எனக்குத் தெரியாதா?"

"உனக்கே தெரியாம உன் மனசுலேர்ந்து வந்ததுன்னு போட்டிருக்காரே."

இவளுக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மொதல்ல நீ எப்படிச் சிரிச்ச!"

"அப்ப எனக்குப் புரியல."

வீட்டுக்கு வந்த வேகத்தில் விளையாட்டிலிருந்து ஃப்ரிட்ஜை அழித்துவிட்டு ஒரு மர அலமாரியை வைத்தாள். தொட்டாலே திறந்துகொள்ளும். உள்ளே மடித்துவைத்த துண்டுகள். இனி யார் என்ன கிளறிவிட முடியும்?

விமர்சகர் விடவில்லை. 'சகோதரி வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டாள்' என்று தொடர்ச்சி எழுதினார். மறுநாள் அக்காவே கூப்பிட்டாள்.

"தூக்கியே போட்டுட்டியா என்னை?"

"அக்கா, உனக்காகத்தானே எடுத்தேன்! வெச்சாலும் தப்பு, எடுத்தாலும் தப்புன்னா நான் என்னதான் பண்றது? நீயே சொல்லு!"

"எனக்கு என்னடி தெரியும்?" என்றாள் அக்கா, சுரத்தில்லாமல். "ஆனா நேத்து மறுபடி ஆடிப் பார்த்தேன். அந்த அலமாரியைத் திறந்தா எனக்குச் சிரிப்பே வரல."

இவள் போனைக் கட்டில்மேல் எறிந்தாள்.