மூன்றாவது கம்பி

“ஏழு” என்று மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. மூன்று வரவேண்டிய இடம்.

கூடத்து மூலையில், மாடித் தளத்தில் போட்ட ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். காலையில் அதன் வழியாக நெட் கேபிளை இறக்கியிருந்தோம். மேல்முனையில் அவள் பிளக் மாட்டினாள், கீழ்முனையில் நான். இரண்டு முனையிலும் எட்டுக் கம்பிகளும் ஒரே நிற வரிசையில் இருக்க வேண்டும். சோதனைப் பெட்டியின் ஒரு பாதி என்னிடம், மறு பாதி அவளிடம். கம்பிகள் சரியாக இருந்தால் இரண்டு பாதியிலும் விளக்குகள் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரியும். தன் பக்கம் எரிகிற விளக்கின் எண்ணை அவள் சொல்வாள். ஒன்று, இரண்டு, ஏழு. மூன்றாவது தடவையாக இதே கதை. முதுகு விட்டுப்போயிருந்தது. தலையெல்லாம் சிமெண்ட் தூசி.

வாடிக்கையாளர்களின் புகார்களை வீட்டிலிருந்தே போனில் கேட்கும் வேலை அவளுக்கு. மேல் அறையில் வைஃபை வருவதும் போவதுமாக இருந்தது. பேச்சு பாதியில் அறுந்தால் திட்டு இவளுக்குத்தான். “திங்கக்கிழமையும் கட் ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க” என்றாள் முந்தாநாள். நாளைக்குத் திங்கட்கிழமை. கேபிள் இழுக்க ஆளைக் கூப்பிடலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் பெரிய வீராப்பாக, “இதுக்கெல்லாமா ஆளு? நானே போட்டுடறேன்” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கம்பிகளை நுழைத்து பிளக்கை இடுக்கியால் ஒருமுறை அழுத்திவிட்டால் கழற்ற முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான். கேபிள் குட்டையாகிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு தடவை வெட்டலாம். அதற்குமேல் வெட்டினால் நெட் பெட்டிக்கு எட்டாது.

பச்சையும் பழுப்பும் என் கண்ணுக்கு ஒன்றுதான். ரயில் ஓட்டும் வேலைக்குப் போய், கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அந்த வேலை பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்று கல்யாணமான புதிதில் இவளிடம் அளந்தேன். பதினோரு வருடமாக அந்தப் புளுகைக் கட்டிக் காத்து வருகிறேன். சட்டை வாங்கப் போனால், “உனக்குப் பிடிச்சதை எடு” என்பேன். அதை அவள் தன் தங்கையிடம் பெருமையாகச் சொல்வாள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

படியில் காலடி கேட்டது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெட்டிப்போட்ட இரண்டு பிளக்குகளையும், கேபிளில் இருந்த மூன்றாவதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“ஏங்க, மூணுலயும் ஒரே தப்பு. பச்சை வர்ற எடத்துல பழுப்பு இருக்கு.”

“கவனிக்கலை.”

“கவனிக்கலையா, தெரியலையா?”

இன்னொரு புளுகுக்கு உடம்பில் தெம்பில்லை. “தெரியலை” என்றேன். “எப்பவுமே தெரியாது. அந்த ரயில் வேலையை நான் விடலை. அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க.”

“அப்ப அந்தச் சட்டையெல்லாம்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. களைப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அவளே வெட்டினாள். கம்பிகளை வரிசைப்படுத்தி பிளக்கில் நுழைத்தாள். நான் அழுத்தினேன். மாடியேறிப் போனாள்.

பெட்டியைப் போட்டேன்.

“ஒண்ணு. ரெண்டு.”

என் கையில் விளக்கு மூன்றுக்குத் தாவியது.

“மூணு.”

எட்டு வரைக்கும் அதே சலித்த குரலில் சொல்லி முடித்தாள். நான் பெட்டியை அணைக்கவில்லை. என் கையில் விளக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து ஓடியது. மேலே யாரும் எண்ணவில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஓட்டையில் கேபிளை ஒட்டித் தெரிந்த கீற்று வெளிச்சம் மறைந்திருந்தது. அங்கே அவள் கண் இருந்தது.