மோட்டாருக்கு வாட்ஸப் இல்லை

புகழ்வேந்தன் கப்பலுக்குப் போகிற சேதி அபிஷேகப்பாக்கம் முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியதும் அவர்தான். உர கம்பெனி தன் டீலர்களைச் சென்னையில் கப்பல் ஏற்றி, இலங்கை வரை காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறதாம். யூரியா கேட்டு வந்தவர்கள் தலையில் வேண்டாத ஒரு பாட்டில் மருந்தையும் சேர்த்துக் கட்டி விற்றதற்குப் பரிசு. அந்தப் பாட்டில்கள் எங்கள் வீட்டுத் தோட்டத்து மூலையில் இன்னும் கிடக்கின்றன. அப்படிப் பார்த்தால் அந்தக் கப்பலில் எங்களுக்கும் ஒரு ஓரமாக இடம் உண்டு.

நான் வில்லியனூரில் ஹபீப் முகமது பாயின் செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். படித்த படிப்புக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்பவர்களும் ரீசார்ஜ் போட என்னிடம்தான் வருவார்கள்.

புகழ்வேந்தனும் வந்தார். கழுத்தில் கம்பெனி கொடுத்த பட்டையில் கோத்த அட்டை. கிளம்ப இன்னும் நாள் இருந்தது, அட்டை அதற்குள் தொங்கியது. பின்னால் அவர் மனைவி செங்கமலம்.

"பாய், கப்பல்ல போனு பில்லு எகிறிடும்னு பயமுறுத்தறானுங்க. இன்னா பண்ணணும்?"

பாய் என் பக்கம் கை காட்டினார். "அதெல்லாம் நம்ப தர்ஷினிதாங்க சொல்லும்."

"பக்கிரி பொண்ணா? இது இன்னா சொல்லப்போவுது?"

என் அப்பா பக்கிரி அவரை ஐயா என்பார். நான் சார் என்பேன். நாக்கு அதற்கு மேல் வளையாது.

"கப்பல் நகர்றதுக்கு முன்னாடியே போன ஃப்ளைட் மோட்ல போட்டுடுங்க சார். கரை டவர் போனதும் போன் தானாவே கப்பலோட டவரப் புடிச்சிக்கும். அது சாட்டிலைட்ல ஓடறது. நிமிஷத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல புடுங்கிடுவான். நெட் ஆன்ல இருந்தா நீங்க தொடவே வேணாம், வாட்ஸப்புல வர்ற படமே பில்ல ஏத்திடும்."

"நான் இலங்கை பேக் போட்டுக்கறேன்."

"அது இலங்கைக் கரையில எறங்கினாத்தான் செல்லும். நடுக்கடல் எந்த நாட்டுலயும் சேராது. கப்பலுக்குன்னு தனி பேக் இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா கப்பல்லயே வைஃபை விப்பான், அத வாங்கி வாட்ஸப்புல பேசுங்க. அவ்ளோதான்."

"சரியா பாய்?"

"சரிதாங்க."

ஒரு ஆண் வாயால் வந்த பிறகுதான் என் பதில் அவருக்குப் பதிலானது. தலையாட்டினார். உடனே முகம் மாறியது.

"அப்ப மோட்டாரு?"

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் நிலத்து போர்வெல் கொட்டகையில் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சிம். பதிந்து வைத்த நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்; இன்னொன்று கொடுத்தால் நிற்கும். ஓடினாலும் நின்றாலும், கரண்ட் வந்தாலும் போனாலும், பெட்டி அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு பெண் குரலில் சொல்லும். மாட்டிக் கொடுத்தது எங்கள் கடைதான். கொட்டகைக்குப் பூட்டு, பெட்டிக்குப் பூட்டு, அதற்குள் ஒரே ஒரு நம்பர். அவருடையது.

அதிலிருந்து அவர் வயலுக்கு வருவதை விட்டுவிட்டார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் பாய்ச்சுவார். இலையில் ரசம் ஊற்றும்போது போனை எடுத்துக் காதில் வைத்து, "மோட்டார் பேசுது" என்று பக்கத்து இலைக்குச் சொல்வார். அதே தண்ணீரை நம்பித்தான் அப்பா அவரிடம் ஒரு காணி குத்தகைக்கு எடுத்து நவரை நெல் போட்டிருந்தார். த்ரீ பேஸ் கரண்ட் வந்து, ஊர் மோட்டாரெல்லாம் இரைய, அப்பா வரப்பில் நின்று அவருக்குப் போன் அடிப்பார். அவர் எடுக்கும்போது எடுப்பார். கையெட்டும் தூரத்தில் மோட்டார். அதை ஓட்ட புதுச்சேரியில் ஏதோ ஓட்டலில் இருப்பவரைக் கெஞ்ச வேண்டும். இப்போது கதிர் பால் பிடிக்கிற நேரம். நாலு நாள் காய்ந்தால் அரிசி இல்லாத கருக்காதான் மிஞ்சும்.

"ஃப்ளைட் மோட்ல இருந்தா மோட்டார் போட முடியாது சார்."

"வைஃபைல?"

"மோட்டாருக்கு வாட்ஸப் இல்ல."

பாய் சிரிப்பை மறைக்க டெம்பர் கிளாஸ் அட்டைகளை எடுத்துத் துடைத்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தப் பெட்டியில இன்னும் நாலு நம்பர் சேக்கலாம். நீங்க வச்சிருக்கற கோடப் போட்டு ஒரு மெசேஜ் போதும், எந்தப் போன்லேர்ந்தும் அனுப்பலாம். அப்பா நம்பர சேத்துடுங்க. வந்ததும் எடுத்துடுங்க. எடுக்கறது உங்க நம்பர்லேர்ந்து மட்டுந்தான் முடியும். வேற யாரும் எடுக்க முடியாது."

"உங்கப்பன் கையில மோட்டார குடுக்கறதா? நல்லாருக்குடி. நாளைக்குப் பட்டாவும் கேப்ப."

"என் நம்பர சேக்கலாமில்ல?" என்றார் செங்கமலம். "நான் வூட்டுலயே இருந்துக்கறேன். எனக்குக் கப்பல்னாலே வாந்தி."

"உனக்கு மோட்டாரப் பத்தி இன்னா தெரியும்? பேசாம இரு."

பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் கல்லாவில் தட்டினார். "நான் குடுக்கறது மிஸ்டு கால். மிஸ்டு காலுக்கு எவன் காசு கேப்பான்?"

"கேக்க மாட்டான் சார். ஆனா மோட்டார் திரும்பக் கூப்புடும். அத எடுக்காதீங்க. எடுத்தா நிமிஷக் கணக்கு."

"அது இன்கமிங்குடி!"

"கப்பல்ல இன்கமிங்குக்கும் காசு."

"இன்கமிங்குக்குக் காசு போயி எத்தினி வருஷம் ஆவுது? படிச்ச பொண்ணு, இது கூடத் தெரியல. பாய், நல்ல ஆளா வைங்க கடைக்கு." போகும்போது அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டார்.

கப்பல் கிளம்பிய அன்று அவர் ஸ்டேட்டஸ் வர ஆரம்பித்தது. வைஃபை வாங்கிவிட்டார், அதாவது என் பாடத்தில் பாதி உள்ளே போயிருந்தது. முதலில் நீச்சல் குளம். அடுத்து ஐஸில் செதுக்கிய அன்னம், பக்கத்தில் இவர். மூன்றாவது ஒரு வீடியோ. மேலே "கடல்லேர்ந்து கழனிக்கு" என்று எழுதியிருந்தது. கப்பல் மேல்தளத்தில் டீலர்கள் வட்டமாக நிற்கிறார்கள். இவர் மிஸ்டு கால் கொடுக்கிறார். எல்லாரும் காத்திருக்கிறார்கள். போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறார். "மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது" என்கிறாள் அந்தப் பெட்டிக்காரி. டீலர்கள் கை தட்டுகிறார்கள். ஒருவர் இன்னொரு தடவை போடச் சொல்கிறார்.

எங்கள் ஊர்க் கரண்டும் சும்மா இருக்கவில்லை. மார்ச் மாத வெயிலில் அது போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் பெட்டி கடமை தவறாமல் நடுக்கடலுக்குப் போன் போட்டது. "மின்சாரம் இல்லை." "மின்சாரம் வந்துவிட்டது." "மோட்டார் நின்றுவிட்டது." ஒவ்வொரு முறையும் அவர் எடுத்தார். எடுக்காமல் இருக்க அவரால் முடியாது. சொன்னபடி கேட்டதா என்று காதால் கேட்டால்தான் அவருக்குத் தண்ணீர் பாய்ந்த மாதிரி.

வீடியோவை அப்பாவிடம் காட்டினேன்.

"பாவம்டி, பில்லு வந்துடப்போவுது. ஒரு மெசேஜு போடு."

"நான் கடையில வச்சே சொன்னேன்."

"இன்னொரு தபா சொல்லு. போனா இன்னா கொறஞ்சிடுவ?"

அம்மா கலியம்மாள் முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "பாவம் பாக்கற மூஞ்சியப் பாரு. அவன் ஒனக்குப் பாத்தானா?"

போட்டேன். 'மோட்டார் கால் எடுக்காதீங்க சார், கட் பண்ணுங்க, ஒவ்வொண்ணுக்கும் காசு.' பதில் வந்தது: 'ரீசார்ஜ் வேலையைப் பார்.' கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மஞ்சள் மூஞ்சி.

இரண்டாம் நாள் மோட்டார் நின்றது. அதன் பிறகு ஓடவில்லை. கரண்ட் இருந்தது, சுற்றிலும் மற்ற கொட்டகைகள் இரைந்தன, எங்கள் பக்கம் மட்டும் ஊமை. அப்பா அவருக்குப் போன் போட்டார். இந்த எண்ணின் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்று வந்தது. அதற்கடுத்த நாள் காலையில் வயலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. அப்பா ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தார். பால் வந்தது, கொஞ்சமாக. பூட்டை உடைக்கலாம் என்றாள் அம்மா. அப்பா பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

நான் கடையில் இருந்தபோது புகழ்வேந்தன் வாட்ஸப்பில் கூப்பிட்டார். பின்னால் பாட்டுச் சத்தம்.

"ஏம்மா தர்ஷினி." அம்மா ஆகிவிட்டேன். "லைன் கட்டாயிடுச்சிம்மா. லிமிட்டு தாண்டிடுச்சாம். எப்புடிம்மா தாண்டும்? நான் யாரையும் கூப்புடவே இல்ல!"

"நீங்க கூப்புடல சார். எடுத்தீங்க."

"இன்கமிங்கு!"

"பில்லக் கட்டுங்க, லைன் வந்துடும்."

"எவ்ளோன்னு தெரியுமா? நாப்பத்தி மூவாயிரம்! ஒரு பைசா கட்ட மாட்டேன். கேஸ் போடுவேன்." பிறகு குரல் இறங்கியது. "ஆமா, அங்க கழனி எப்படி?"

"வெடிப்பு விட்டிருக்கு. உங்களுது மேட்டு நிலம், எங்களுக்கு முன்னாடி காயும்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செங்கமலத்தின் குரல் கேட்டது: "அதான் அன்னிக்கே அந்தப் பொண்ணு வழி சொல்லுச்சே. வாயத் தொறந்து சொல்லித் தொலை."

"கோடு சொல்லுங்க சார். அப்பா நம்பர சேக்கறேன்."

"ஒரு நாளைக்குத்தான்."

"சரி. கோடு?"

அவர் பாட்டுச் சத்தத்திலிருந்து நகர்ந்து போகிற செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. நடுக்கடலில், குரல் எதிரொலிக்கிற மூடிய கழிவறைக்குள், யார் காதிலும் விழாதபடி ரகசியமாகச் சொன்னார்.

"நாலு ஒம்போது."

அவருடைய ஃபேன்சி நம்பரின் கடைசி நாலு எண். உர டெப்போ போர்டில் ஆளுயரத்துக்கு எழுதி, சுற்றி லைட் போட்டு வைத்திருக்கிறார். அந்த வழியாக பஸ்ஸில் போகிற எவனும் படிக்கலாம். இதற்குத்தான் ரெண்டு பூட்டு. இதற்குத்தான் என் அப்பா மழையிலும் வெயிலிலும் வரப்பில் நின்று ஐயா ஐயா என்றிருக்கிறார்.

மெசேஜ் போட்டுவிட்டு, பாயிடம் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அப்பா பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை முன்னால் நின்றிருந்தார். மோட்டார் நம்பரை நான்தான் தேடிக் கொடுத்தேன். ஒரு ரிங் போனது. உள்ளே மோட்டார் உறுமியது. குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. உடனே அப்பாவின் போன் அடித்தது. காதில் வைத்தார். "மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது."

"சரிங்கம்மா," என்றார் அப்பா, தலைத் துண்டை எடுத்துவிட்டு.

"அது ரெக்கார்டுப்பா!"

"இருக்கட்டுமே. மரியாதையா சொல்லுதில்ல?"

பழக்க தோஷத்தில் அவர் முதலில் புகழ்வேந்தன் வயல் பக்கம் மடையைத் திறக்கப் போனார். அம்மா மண்வெட்டியைப் பிடுங்கி எங்கள் மடையை வெட்டிவிட்டாள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் கொப்புளம் விட்டு இறங்குவதை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். எங்களுடையது நனைந்த பிறகுதான் அவருடையதற்குப் போனது. அவருடையதும் பிழைத்தது. நாங்கள் அவர் இல்லை.

ஊர் திரும்பியதும் புகழ்வேந்தன் நேராகக் கடைக்கு வந்தார். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கழுத்தில் பட்டை இல்லை. செங்கமலமும் கூடவே.

"பக்கிரி நம்பர எடு."

"நான் எடுக்க முடியாது சார். உங்க நம்பர்லேர்ந்துதான் மெசேஜ் போவணும். அன்னிக்கே சொன்னேன்."

"என் நம்பருதான் கட்டாயி கெடக்கே!"

"பில்லக் கட்டுங்க. ஒடனே வந்துடும். ரெண்டே நிமிஷ வேலை."

"கட்டவே மாட்டேன். மிஸ்டு கால் குடுத்தவன் நான். பேசினது மோட்டாரு. மோட்டார்கிட்ட வாங்கிக்கச் சொல்லு!"

"அப்ப பெட்டிய ரீசெட் பண்ணிடலாங்க," என்றார் பாய், ரொம்ப அடக்கமாக. "எல்லா நம்பரும் போயிடும். புதுசா ஓடற நம்பர் ஒண்ணு போடணும். அம்மாவுது போட்டுடலாமா?"

செங்கமலம் கைப்பையைத் திறந்து போனை வெளியே எடுத்தார். புகழ்வேந்தன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் தொங்கிய போன் கவர்களைப் பார்த்தார். மனைவியா, பக்கிரியா என்று மனசுக்குள் தராசு ஆடியது நன்றாகவே தெரிந்தது. எந்தத் தட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கேஸ் முடியட்டும். அப்பறம் பாத்துக்கறேன்," என்றார்.

கேஸ் முடிவதற்குள் அறுப்பே முடிந்துவிடும்.

செங்கமலத்தின் போனைப் பிடுங்கி, மனப்பாடமாக இருந்த ஒரே ஏழை நம்பரை அழுத்தினார். கடை இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"பக்கிரி, நான்தான். மோட்டார் போட்டியா?"

"கும்புடறேங்க ஐயா. கரண்ட் இல்லீங்க. வந்தா அந்தம்மா எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. சொன்ன ஒடனே போட்டுட்டு, ஒங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துடறேன்." அப்பா கொஞ்சம் தயங்கினார். கிண்டல் இல்லை, அவருக்கு அது வராது. "எந்த நம்பருக்குங்க ஐயா குடுக்கறது?"