ஏழாம் கட்டிலில் ஒரு நாடு

செவ்வாய்க்கிழமை காலை செல்வக்கனி டியூட்டிக்கு வந்தபோது ஏழாம் கட்டிலில் ஒரு நாட்டைச் சேர்த்திருந்தார்கள்.

நடுத்தர அளவுள்ள நாடு. கால்மாட்டில் கொஞ்சம் மலை. கடற்கரை கட்டிலைத் தாண்டி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துவரை வெள்ளைப் போர்வை. காய்ச்சல்.

"எந்த நாடு சிஸ்டர்?"

வார்டு இன்சார்ஜ் அமலோற்பவம் சிஸ்டர் எதற்கும் ஆச்சரியப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "நோயாளிக்கு வந்தது என்னன்னு கேளு. ஊரு பேரு என்னத்துக்கு? டெம்பரேச்சர் பாரு," என்றார்.

செல்வக்கனி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு வெளிநாடு போக வேண்டும். எந்த வெளிநாடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ்ஸைவிட்டு இறங்கினால் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அங்கே ஆஸ்பத்திரி எப்படி மணக்கும், வலி வந்தால் அங்குள்ளவர்கள் என்ன சொல்லிக் கத்துவார்கள் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். குளிர் நாட்டுக்குப் பழக்கமாகட்டும் என்று மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பாள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு ஒவ்வொரு தடவையும், "நாடு இன்னும் ரெடியாகலம்மா," என்பார். காரணம் இப்போதுதான் விளங்கியது. நாட்டுக்கு உடம்புக்கு முடியவில்லை.

கட்டிலுக்கடியில் கோட்டுப் போட்ட ஒருவர் பாய் விரித்துப் படுத்திருந்தார். நாட்டுக்குத் துணைக்கு வந்தவர்.

"எப்படிங்க இருக்கு இப்போ?"

"வடக்கே வலி. தெற்கே பரவாயில்லை. ராத்திரி கஞ்சி குடித்தது."

படுத்தே கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நாட்டுக்கும் அதே விதிதான். புரட்ட இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் இம்மாகுலேட். செல்வக்கனியோடு படித்தவள், ஹாஸ்டலில் ஒரே அறை. எல்லோருக்கும் அவள் இம்மா.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றாள் இம்மா.

நாடு ஜன்னலைப் பார்த்துப் புரண்டது. அந்தப் பக்கம் விடிந்தது. யாரோ கடை ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. சுவர்ப் பக்கம் இருட்டி, தெருவிளக்குகள் வரிசையாக எரிந்தன.

இம்மா பவுடர் டப்பாவைத் திறந்து முதுகில் கொட்டினாள். சந்தனப் பவுடர். கோட்டுக்காரர் பாயைவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"முதுகுப் பக்கம் பனி பெய்கிறது. அங்கே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று."

"இம்மா!" என்றார் அமலோற்பவம் சிஸ்டர். "ஒரு முதுகுக்கு அரை டப்பாவா? உங்கப்பா கடைச் சரக்கா அது?"

"மணக்கட்டும் சிஸ்டர். பாவம், எங்கருந்தோ வந்திருக்கு."

துடைத்துவிடுவதற்காகச் செல்வக்கனி நாட்டின் இடது கையைத் தூக்கினாள். அக்குளில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. பெஞ்சில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

செல்வக்கனி தூக்கிய கையை இறக்கவில்லை. "உள்ள போலாமா?" என்று கோட்டுக்காரரிடம் கேட்டாள்.

"போகலாம். கையைக் கழுவ வேண்டும். முழங்கைவரை."

"வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"நகம் வெட்டியிருக்கிறதா?"

காட்டினாள்.

"போதும். ஆனால் காய்ச்சல் இருக்கிறவரைதான் திறந்திருக்கும். விட்டுவிட்டால் மூடிக்கொள்ளும். அப்புறம் தானே புரண்டுகொள்ளும்."

டெம்பரேச்சர் பார்த்தாள். இறங்க ஆரம்பித்திருந்தது.

"போறதுன்னா போ," என்றார் அமலோற்பவம் சிஸ்டர். "நோயாளிய ஒருத்தர் கையில ஒப்படைச்சிட்டுப் போ. ஒப்படைக்காம என் வார்டுலருந்து ஒரு ஆளு வெளிய போனதில்ல."

சிஸ்டரை விட்டால் வார்டில் இருந்தது இம்மா ஒருத்திதான்.

"நீயும் வாட்டி," என்றாள் செல்வக்கனி.

"எனக்குப் பஸ்ல ஆறுமுகநேரி தாண்டுனாலே வாந்தி வருது. அதோட, நான் வந்தா இத யாரு புரட்டுவா?"

"ஒத்தைல உன்னால முடியுமா?"

"முடியாது."

"அப்போ?"

"நீ போ. பாத்துக்கிடலாம்."

"மறந்துருவ. டீ குடிக்கப் போனா கதை பேசிட்டு அங்கயே உக்காந்துருவ."

"மறந்தா என்னட்டி? கூடக் கொஞ்ச நேரம் வெயில் அடிக்கும். துணி காயும்லா."

செல்வக்கனி பையிலிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இம்மா அதற்குக் கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள். கழுத்துப் பொத்தானுக்கு வந்ததும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

கட்டிலுக்கு இருபக்கமும் நின்றார்கள். வடக்கே வலி, கஞ்சி ஆகாரம், காய்ச்சல் இறங்குமுகம் என்று செல்வக்கனி சொன்னாள். இம்மா நாட்டின் நெற்றியில் கையை வைத்து, "எடுத்துக்கிட்டேன்," என்றாள்.

செல்வக்கனி ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிவிட்டு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாட்டின் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் விட்டுப்போன செருப்பைக் கோட்டுக்காரர் ஓரமாக நகர்த்திவைத்தார்.

உள்ளே மத்தியானம். பெஞ்சு சூடாக இருந்தது.

"காலையில் உங்கள் கையைப் பார்த்தேன்," என்றாள் குடைக்கார அம்மாள்.

எதிரே ஓர் ஆஸ்பத்திரி தெரிந்தது. அங்கிருந்து நனைந்த கம்பளி மணத்தது. செல்வக்கனி ஆசைதீர மோந்தாள்.

"இங்க வலிச்சா என்ன சொல்லிக் கத்துவீங்க?"

"தம்பி என்று கத்துவோம்."

"யாரு தம்பி?"

"தெரியாது. வந்ததில்லை."

மத்தியானம் முடியவில்லை. எதிர் மாடியில் துணிகள் காய்ந்தன. காய்ந்தவற்றை எடுத்து மடித்தார்கள். வேறு வேலை இல்லாததால் மறுபடி நனைத்துப் போட்டார்கள். ஜனங்கள் இரண்டாம் தடவை மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் விடவே இல்லை.

இம்மா டீ குடித்துக்கொண்டிருக்கிறாள் என்று செல்வக்கனிக்குத் தெரிந்தது.

பெஞ்சுக்கடியில் தரை சிவந்திருந்தது. குனிந்து பெருவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் சிவப்பு வெளுக்கவில்லை. புண் ஆரம்பிக்கப்போகிறது. புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று ஆகிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விடுகிறது. வந்த வழி சிறுத்திருந்தது. ஆள் ஒருக்களித்தால் நுழையலாம்.

போய்ப் புரட்டலாம். போனால் திரும்ப வர முடியாது.

அப்போது மலைக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கூடவே டீ வாசனை.

"ஏட்டி கனி! ஒத்தைல அசைய மாட்டேங்குதுட்டி!"

செல்வக்கனி வந்த வழியைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாப் கம்பத்தில் தோளைக் கொடுத்தாள்.

"நீங்களும் ஒரு கை பிடிங்க," என்றாள்.

"எதற்கு?"

"சாயங்காலம் வரணும்லா."

அம்மாள் குடையை மடக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு," என்றது மலைக்குப் பின்னாலிருந்து இம்மாவின் குரல்.

"மூணு," என்றாள் செல்வக்கனி.

தெரு மெல்லச் சாய்ந்தது. பெஞ்சு ஒரு சாண் நகர்ந்தது. வெயில் மாடிகளிலிருந்து வழிந்து இறங்கிக் கடலுக்குள் போனது. தெருவிளக்குகள் எரிந்தன. எங்கோ பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். தரைச் சிவப்பு வெளுத்தது. வந்த வழி மூடிக்கொண்டது.

பிறகு பனி பெய்தது. கணுக்கால்வரை பெய்தது. முழங்கால்வரை பெய்தது. ஊரே சந்தனமாக மணத்தது.

"இம்மா! ரெண்டாவது டப்பாவா அது?" என்று மேலே எங்கோ இடி இடித்தது.

"இவ்வளவு பனியை நான் பார்த்ததில்லை," என்றாள் அம்மாள்.

"அவ அப்படித்தான். அள்ளித்தான் கொட்டுவா."

பஸ் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். பனி நிற்கட்டும், அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று செல்வக்கனி கையைக் காட்டினாள்.