இருவருக்கும் ஒரே நிரந்தர வேலை

நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே, நீலச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி என் கணவன் உட்கார்ந்திருந்தான். காலையில் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஆய்வகத்தைப் பார்க்க யாரோ விருந்தாளிகள் வருகிறார்கள் என்று என் காதில் பூ சுற்றியிருந்தான்.

இந்தத் தேசிய ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஒப்பந்தப் பொறியாளர்கள். அணுத்துகள்களை அதிவேகத்தில் ஓடவிடும் துகள் முடுக்கியின், காற்றே இல்லாத வெற்றிடக் குழாய்கள் எங்கள் பொறுப்பு. நிரந்தர வேலை எப்போதாவது ஒன்று வரும். எனக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அவன் என்னைவிடச் சின்னவன். அதற்காக ‘அக்கா’ என்று கேலி வேறு செய்வான். இந்த முறை நீ மட்டும் போ என்று அவனேதான் சொன்னான்.

“என்னடா இது?”

“சும்மா அப்ளிகேஷன் போட்டு வெச்சேன். யாருக்குக் கிடைச்சா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். சிரித்த முகமாகத் திரும்பி வந்தான். அடுத்து நான்.

தேர்வுக் குழுத் தலைவர், சொந்தமாகச் சாதித்த வேலை ஒன்றைச் சொல்லச் சொன்னார். போன மழைக்காலத்தில் குழாயில் கசிவு ஏற்பட்டு முடுக்கியே நின்றுபோனதைச் சொன்னேன். வெளியிலிருந்து ஹீலியம் வாயுவை அடித்தால், ஓட்டை வழியாக அது உள்ளே போவதைக் கருவி காட்டிக்கொடுக்கும். எல்லோரும் பகல் முழுக்க இணைப்புகளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர்கள் போன பிறகு நான் குழாய்க்கு அடியில் படுத்து, பழைய வெல்டிங்கில் ஹீலியம் அடித்துப் பார்த்தேன். ஓட்டை அங்கேதான் இருந்தது.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். “இதையேதான் முன்னாடி வந்தவரும் சொன்னார். தானே கண்டுபிடிச்சதா.”

“பச்சைப் பொய் சார்! அவர் டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னார்.”

“வேற யாராவது பாத்தாங்களா?”

“இல்ல சார். நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்.”

“அப்ப அவரையே கூப்பிட்டுக் கேட்டுடுவோம்.”

எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு டம்ளரை உடைத்துவிட்டாலே திருதிருவென்று முழிப்பவன், என்னை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வான்?

வந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

“கண்டுபிடிச்சது நான்தான் சார். இவங்க கூட இருந்து உதவி பண்ணாங்க.”

இவங்களாம்! யாரோ வழிப்போக்கர் மாதிரி. அடப்பாவி, ஒரே தட்டில் சாப்பிட்டவன்தானே நீ! இவன் எதிரில் மட்டும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றார் தலைவர்.

“கண்டுபிடிச்சது நான்தான் சார். வேலையை யாருக்கு வேணா குடுங்க. இவருக்கு உதவி பண்றத மட்டும் இன்னியோட நிறுத்திட்டேன்.”

அப்போதுதான் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.