சம்பந்தி வீட்டுச் சோறு

என் மாமியார் சின்னப்பிள்ளை எனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டார், சங்கராக் குழம்பு ஊற்றினார், நெத்திலித் தொக்கைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து ரசம் விட்டுச் சாப்பிட்டார். கடலூர்த் துறைமுகத்தில் தினமும் மீன் விற்கிறவர் மீனைத் தொடாமல் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. என்னோடு ஒரே குழம்பைச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வேலைக்கு வந்த ஜெயப்பிரகாஷைக் கட்டிக்கொண்டேன். ஊருக்கு வரக் கிளம்பும்போதெல்லாம் ஒன்று கொரோனா வந்தது, இல்லை விடுப்பு கிடைக்காமல் போனது. போன வருஷம் வேலை செய்கிற இடத்திலேயே மாரடைப்பு, போய்விட்டார். அங்கேயே எரித்தோம். அவரைப் பெற்ற அம்மா அதைப் போனில்தான் பார்த்தார். இப்போது முதல்முறையாகப் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், புருஷன் இல்லாமல். இந்த அம்மாள் என்னை வெறுக்கிறாரா, மருமகள் என்று நினைக்கிறாரா, அது தெரியாமல் திரும்பக் கூடாது என்றுதான் விமானம் ஏறினேன்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோபத்திலும் மறுசோறு வாங்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

நாத்தனார் சரண்யாவைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனவள், வழியில் கீழவீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கிக் கொடுத்தாள். சுட்ட கத்தரிக்காய் வாசனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தத் தைரியத்தில் கேட்டே விட்டேன்.

"அத்தைக்கு என்மேல என்ன கோபம் சரண்யா?"

"கோவமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. அண்ணன் போனதுலேருந்து அம்மா கவுச்சி தொடறதில்ல."

"கருமாதிதான் எப்பவோ முடிஞ்சிருச்சே?"

"கருமாதி முடிஞ்சதும் சம்பந்தி வூட்டுலேருந்து மீனோ கறியோ ஆக்கிப் போடணும். அதுக்கப்புறந்தான் சாவு வூட்டுக்காரவுங்க கவுச்சி தொடலாம். உங்க பக்கத்துலேருந்து யாரும் வரலியே. எங்க தாய்மாமா நான் போடறேன்னு சொல்லிப் பாத்தாரு. அம்மா ஒத்துக்கல. என் புள்ளைக்குப் பொண்ணு குடுத்த வூட்டுச் சோறு வரட்டும்னு சொல்லிட்டாங்க."

எங்களுக்கு இப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது. "ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாமே" என்று எரிந்து விழுந்தேன்.

"அத எப்டி அண்ணி கேட்டு வாங்கறது?" என்றாள் சரண்யா.

அங்கிருந்தே கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் கார்த்திகேசனைக் கூப்பிட்டேன். எனக்குத் தாய்வீடு என்றால் அவர் ஒருவர்தான். விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நம்ம வீட்டுச் சாப்பாடுன்னு சொல்லிப் போடும்மா. அண்ணன் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு" என்றார்.

மறுநாள் காலை சிதம்பரம் மார்க்கெட்டில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த கொடுவா மீன் வாங்கினேன். அரிசி, புளி, மிளகாய், உப்பு எல்லாம் புதிதாக வாங்கினேன். சரண்யா வீட்டில் அடுப்பை மட்டும்தான் கடன் வாங்கினேன். தேங்காய்ப்பால் ஊற்றியபோது அவள் முகம் சுளித்தாள். சம்பந்தி வீட்டுக் குழம்பு சம்பந்தி வீட்டுக் குழம்பாகத்தான் இருக்கும் என்றேன். சோற்றையும் குழம்பையும் தூக்குகளில் எடுத்துக்கொண்டு இருவரும் கடலூர் பஸ் ஏறினோம். பஸ் முழுக்க மீன் வாசனை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமியார் துறைமுகத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். இலை போட்டுப் பரிமாறினேன்.

"அத்தை, இது எங்க வீட்டுச் சாப்பாடு. அண்ணன் போடச் சொன்னாரு. தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்கச் சொன்னாரு."

அவர் இலை முன்னால் உட்கார்ந்தார். கையை மட்டும் மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீ என்னிக்காவது வருவன்னு தெரியும். வராமலே இருந்திருக்கலாம்."

"ஏன் அத்தை?"

"இத வாயில வச்சிட்டா அவன் காரியம் முடிஞ்சிடும். நான் அவன் மொகத்த நேர்ல பாக்கல. ஒரு புடி வாய்க்கரிசி போடல. வாயக் கட்டிக் கெடந்தது ஒண்ணுதான் அவனுக்குன்னு நான் செஞ்சது. அதையும் இன்னியோட வுடணுமே."

சரண்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த நோன்பையா என்மேல் உள்ள கோபம் என்று நினைத்து ரோஷப்பட்டேன் என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எடுத்துடவா அத்தை?"

"வாணாம். அம்மாந்தொலவுலேருந்து வந்து ஆக்கி எடுத்தாந்திருக்க."

பிசைந்தார். முள் பார்த்து ஒரு வாய் வைத்தார். வெகுநேரம் மென்றார். கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. விழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்குக் கவுச்சிச் சோறு யாரு போட்டாங்க?"

"யாரும் போடல அத்தை. ஒருநாள் பசிச்சுது, கடையில மீன் சோறு வாங்கித் தின்னேன்."

"தனியாவா?"

தலையாட்டினேன். தன் இலையிலிருந்து ஓர் உருண்டை உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "அவன் பொண்டாட்டி நீ. உக்காந்து தின்னு" என்றார்.

உட்கார்ந்து தின்றேன். ஜெயப்பிரகாஷ் இனி வரவே மாட்டார் என்பது அந்த ஒரு வாய்ச் சோற்றில்தான் எனக்கு உறைத்தது. அவர் போனதிலிருந்து ஒருமுறைகூட வாய்விட்டு அழாதவள், அன்றைக்கு அவர் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதேன்.