கெட்ட ரத்தம்

வட்டம் வட்டமாக, வெளிறிய செம்மஞ்சளில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, நடுவில் லேசாகக் குழிந்து, லென்சுக்கு அடியில் மிதக்கின்றன, இது கன்னத்துச் செல் இல்லையே, அதுவென்றால் கசங்கிய காகிதம்போல அகலமாக, நடுவில் நீலப்பொட்டு வைத்துக்கொண்டல்லவா கிடக்கும், இது ரத்தம், ஜெபமலர் டீச்சர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறாள், இது யாரு ஸ்லைடு, என்னுதுதான் டீச்சர் என்கிறாள் பூமாரி, எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், வாயைத் திறக்காமலே பேசப் பழகிய பிள்ளை. எல்லாரும் பல்குச்சியால் உள்கன்னத்தை மெல்லச் சுரண்டித்தானே கொண்டுவந்தார்கள், இவளுக்கு மட்டும் ரத்தம் எப்படி, வாயைத் திற பாப்பம், மாட்டேன் என்கிறாள், தாடையைப் பிடித்துத் திறந்தால், அட கர்த்தரே, உள்கன்னம் கிழிந்து தொங்குகிறது, கடைவாய்ப்பல் பாதி உடைந்து நிற்கிறது, என்னட்டி இது, விழுந்துட்டேன் டீச்சர்.

விழுந்துட்டேன், இந்தச் சொல்லை ஜெபமலருக்கா தெரியாது, அடுக்களையில் அப்பா செம்பைத் தூக்கி அம்மாவின் நெற்றியில் அடித்தபோது சுவரில் தெறித்ததைக் கரித்துணியால் துடைத்த சிறுமி அவள்தானே, துடைக்கத் துடைக்கச் சுவரெல்லாம் பரவுகிறது, யாராச்சும் கேட்டா அம்மா விழுந்துட்டான்னு சொல்லுட்டி, அம்மா சொன்னாள், இப்போதும் சொல்கிறாள், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நெற்றியிலிருந்து வழிய வழிய, ஜெபமலர் கேட்கிறாள், உள்ளதைச் சொல்லு பூமாரி, உங்கப்பன் அடிச்சானா. ஆமென்று தலையாட்டுகிறாள் பூமாரி, அடி வாங்கியதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, அவளுக்கு வேறு கவலை, கிட்டே வந்து கேட்கிறாள், கிருமி தெரியுதா டீச்சர், என்ன கிருமிட்டி, எங்கள விட்டுட்டுப் போன எங்கம்மா ரத்தந்தான் எனக்கு ஓடுதாம், கெட்ட ரத்தமாம், அடிச்சாத்தான் போகும்னு அப்பா சொல்லுவாரு, நீங்க ரத்தத்துலயும் கிருமி இருக்கும்னு பாடம் நடத்தினீங்கள்லா, அதான் பாத்துச் சொல்லுங்கன்னு வச்சேன். பாவிப்பய, இப்படியா ஒரு பிள்ளை மனசில் ஏற்றுவான், இல்லட்டி, ஒண்ணுமே இல்ல, உன் ரத்தம் நல்ல ரத்தம், இன்னைக்கு நீ வீட்டுக்குப் போகக் கூடாது, எங்கூடவே இரு என்று சொல்லிவிட்டுக் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

உதவிக்காரர்கள் வருவதற்குள் பள்ளி விட்டு, கொம்பையா வந்துவிட்டான், பூமாரியின் அப்பன், லாரி ஓட்டுகிற கை, வந்த வேகத்தில் மகளின் சடையைப் பிடித்துச் சுழற்றி இழுக்கிறான், பெஞ்ச் சரிகிறது, பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள், விடுய்யா அவள என்று குறுக்கே போன ஜெபமலரின் கன்னத்தில் ஓர் அறை, எம்பிள்ளைய நான் வெட்டிப் போடுவேன், நீ யாருட்டி கேக்க, பூமாரியின் தலை மேசை விளிம்பில் மோதுகிறது, இன்னொரு தடவை மோதுகிறது, செம்பு மறுபடியும் உயர்கிறது, அம்மா நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், மாட்டேன், இந்தத் தடவை துடைக்க மாட்டேன், நுண்ணோக்கியைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி அதன் இரும்புப் பாதத்தால் ஓங்கி அடித்தாள், கொம்பையாவை அடித்தாளா, அப்பாவை அடித்தாளா, எலும்பில் பட்ட சத்தம் மட்டும் அன்றைக்கு அடுக்களையில் கேட்ட அதே சத்தம். புருவம் பிளந்து அவன் உட்கார்ந்துவிட்டான், சட்டையெல்லாம் ரத்தம், ஹெட்மாஸ்டரும் வாட்ச்மேனும் ஓடிவந்து அவனை இழுத்துப் போனார்கள், ஜெபமலர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், சீ, அப்பாவின் கை மாதிரியே இருக்கிறது.

பூமாரி நுண்ணோக்கியை நிமிர்த்தி வைக்கிறாள், அதன் பாதத்தில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடித் தகட்டில் தொட்டெடுத்து, ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு, சொல்லிக்கொடுத்தபடியே மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, வீங்கிய கண்ணை விட்டு மற்றக் கண்ணால் பார்க்கிறாள், வட்டம் வட்டமாக, வெளிறிய செம்மஞ்சளில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தகட்டை நகர்த்தி நகர்த்தித் தேடுகிறாள், அப்பாவோடதுலயும் கிருமி ஒண்ணுமே இல்லையே டீச்சர், என்னுது மாதிரியேதான இருக்கு, அப்ப அது எங்க டீச்சர் இருக்கு.

ஜெபமலர் தன் வலது கையைச் சேலைத்தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டாள்.