ரெண்டு சொட்டு

கிறீச் என்று காடே கூசும்படி ஒரு சத்தம். மெஷின்காரர் மனைவியின் கையைப் பிடித்துப் பாதையோரம் இழுப்பதற்குள், மேட்டிலிருந்து ஒரு சைக்கிள் பாய்ந்து வந்து, மண்ணை வாரியிறைத்து, இரண்டடி முன்னால் நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"ஓரமா போங்க அங்கிள். பின்னாடி இன்னும் மூணு பேர் வர்றாங்க. நீங்களும் ஓட்ட வந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"எங்களுக்கு மாடிப்படி இறங்குறதே பெரும்பாடும்மா," என்றாள் மனைவி.

அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கிளம்பினாள். வளைவு வரைக்கும் அந்தக் கிறீச் விட்டுவிட்டுக் கேட்டது.

பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிற சத்தம். இப்போது அவருக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால் தெரியவில்லை.

முப்பது வருடமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். எங்கே எது முனகினாலும் கை சும்மா இருக்காது. கதவுக் கீல், மின்விசிறி, பக்கத்து வீட்டுக் கேட், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, மூக்கு நீண்ட அந்த எண்ணெய்ப் புட்டி. "விட்டா எனக்கும் ரெண்டு சொட்டு விடுவார், வாய் மூடட்டும்னு" என்பாள் மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. வயது பத்தொன்பது.

நாலு மாதத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் அம்மாவும் மகளுமாகச் சைக்கிளைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கடையிலிருந்து வந்தவர் சும்மா தள்ளிப் பார்த்தார். கிறீச்சிட்டது. இரண்டு சக்கரத்திலும், பிரேக் கவ்வுகிற தகட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, சுழற்றி, காதை வைத்துக் கேட்டார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. வேலை சுத்தம். மகளிடம் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடித்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அவள் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு மலையுச்சிக்குப் போனாள். முதன்முதலாகப் பிரேக்கை அழுத்தியதே இந்த இறக்கத்தில்தான்.

மகளின் காரியமெல்லாம் முடிந்த மூன்றாவது வாரம், ஒரு சைக்கிள் கடைக்காரர் வீட்டுத் தையல் மெஷினைப் பார்க்க மெஷின்காரர் போயிருந்தார். முன்னறையில் கடைக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "தகட்டுல எண்ணெய் விட்டா பிரேக் எப்படிய்யா பிடிக்கும்? சாகப் பாத்தியா?" ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார் மெஷின்காரர்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தினமும் சொல்லிவிட வாயைத் திறப்பார். "உப்பு கம்மியா?" என்பாள் மனைவி. "சரியாத்தான் இருக்கு" என்பார். மகளும் போய், இவளும் தன்னை விட்டுப் போய்விட்டால்? அந்தப் பழைய புட்டியும் மகள் இறந்த வாரக் குழப்பத்தில் எங்கோ தொலைந்துபோனது. கடையையும் வீட்டையும் தலைகீழாகப் புரட்டிவிட்டு, வேறு வாங்கினார்.

"அந்த இடத்தை ஒரு தடவை பாக்கணும்" என்று போன வாரம் அவளாகத்தான் கேட்டாள். அங்கே வைத்துச் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தார்.

வளைவில் மகள் மோதிய மரம் நின்றது. இடுப்புயரத்தில் பட்டை பெயர்ந்த இடம் ஆறத் தொடங்கியிருந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"இங்க பாரு," என்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன்."

அவள் பட்டை பெயர்ந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவ சைக்கிள்ல..."

மேலே எங்கோ இன்னொரு சைக்கிள் கிறீச்சிட்டது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். கையை மட்டும் மரத்தை விட்டு எடுக்கவில்லை.

"தகட்டுல கை வைக்காதம்மா, பிசுக்குப் பட்டாலே பிரேக் வழுக்கும்னு கழுவுறப்பல்லாம் சொல்லுவா," என்றாள். "உங்க எண்ணெய்ப் புட்டி தொலையலைங்க. அவ போனப்புறம் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னைக்கே, தகட்டுல எண்ணெயைப் பாத்துட்டு நான்தான் தூக்கிப் போட்டேன்."